சின்னவளின் சிட்டம்

"தெரியும் மேடம்" என்று சொல்லி முடித்த பிறகுதான் டைப்பிஸ்டம்மாவுக்கு உள்ளங்கை வியர்த்தது.

பெண்கள் சிறையில் புதிதாக ஒரு தொழிற்கூடம் தொடங்கப் போகிறார்கள். பன்னிரண்டு கைதிகளுக்கு ராட்டையில் பருத்தி நூல் நூற்கச் சொல்லிக்கொடுக்க ஒரு ஆசிரியை தேவை. பள்ளிப் படிப்பை முடித்த சான்றிதழ் இருக்க வேண்டும், ராட்டை பழகியிருக்க வேண்டும். டைப்பிஸ்டம்மாவிடம் சான்றிதழ் இருந்தது. ராட்டையை அவள் தூசி தட்டக்கூடத் தொட்டதில்லை. ஆனால் தெரியும் என்று வாய் சொல்லிவிட்டது. சொன்னதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. கைப்பையைத் திறந்து, செய்தித்தாளில் சுற்றியிருந்த, வளையமாக முறுக்கிக் கட்டிய ஒரு நூல் சிட்டத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

ஜெயிலர் அம்மா மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதைப் பிரித்துப் பார்த்தார். முடி மாதிரி மெல்லிசு. எங்கே தடவினாலும் ஒரே சீர். ஒரு திப்பி, ஒரு முடிச்சு கையில் தட்டவில்லை.

"இது நீங்க நூத்ததா?"

"ஆமா மேடம்."

"பிரமாதம். நாளன்னைக்கு இல்ல, அதுக்கடுத்த திங்கக்கிழமை காலைல பத்து மணிக்கு வந்துடுங்க. பெரிய அதிகாரி வர்றார். அவர் முன்னாடி கொஞ்சம் நூத்துக் காட்டணும். சும்மா ஒரு கண்துடைப்புதான், பயப்படாதீங்க." ஜெயிலர் அம்மா சிட்டத்தை மறுபடி சுற்றி, மேசை இழுப்பறைக்குள் வைத்து மூடினார். "இது இங்கேயே இருக்கட்டும். அவர்கிட்டக் காட்டணும்."

அன்று சனிக்கிழமை. இடையில் முழுதாக எட்டு நாட்கள். சிறையின் பெரிய கதவுக்குள் இருந்த சின்னக் கதவு வழியாகக் குனிந்து வெளியே வந்தபோது, உள்ளே போனவர்களைவிடத் தனக்குத்தான் தண்டனை கூடுதல் என்று அவளுக்குத் தோன்றியது.

பதினோரு வருடம் ஒரு வக்கீல் அலுவலகத்தில் தட்டச்சு செய்தவள் அவள். தெருவில் எல்லோருக்கும் அவள் டைப்பிஸ்டம்மா. வக்கீலுக்குக் கண் மங்கிப்போய் அலுவலகத்தை மூடினார். மூடிய அதே மாதம் அவள் கணவன், லாரி டிரைவர், பாரத்தின் மேல் ஏறித் தார்ப்பாய் கட்டும்போது கால் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டான். ஐந்து மாதமாகப் படுக்கை. உட்கார்ந்து தின்றால் எத்தனை நாளைக்கு என்ற கேள்வியை இருவரும் வாய்விட்டுக் கேட்டுக்கொள்ளவில்லை. ஆனால் அந்த வீட்டில் அது ஒரு மூன்றாவது ஆள் மாதிரி நடமாடிக்கொண்டிருந்தது.

அந்தச் சிட்டம் டிரைவரின் தங்கை நூற்றது. வீட்டில் கடைக்குட்டி என்பதால் அவளுக்குச் சின்னவள் என்றே பெயர் நிலைத்துவிட்டது. புருஷனோடு ஒத்துவராமல், ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு ராட்டையுமாக அண்ணன் வீட்டுக்கு வந்தாள். அடுப்படிக்குப் பக்கத்து மூலையில் உட்கார்ந்து நாள் முழுக்க நூற்றுக்கொண்டிருப்பாள். ஏழெட்டு மாதம் போனது. ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்திருக்கும்போது டைப்பிஸ்டம்மா யாரையும் பார்க்காமல், "வர்ற நாளைச் சொல்லிட்டு வர்றவங்க, போற நாளையும் சொல்லிட்டா நல்லது" என்றாள். டிரைவர் தட்டைப் பார்த்துக்கொண்டு மென்றான். சின்னவள் கை கழுவிவிட்டு எழுந்தாள். மறுநாள் விடிந்தபோது மூலை காலியாக இருந்தது. அலமாரியின் மேல்தட்டில் ஒரு சிட்டம் மட்டும் மறந்துபோய்க் கிடந்தது. இது நடந்து மூன்று வருடம். அதன்பிறகு இரண்டு பெண்களும் முகத்துக்கு முகம் பேசிக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் முழுக்க டைப்பிஸ்டம்மா கைபேசியில் ராட்டை சுற்றும் படங்களைப் பார்த்தாள். அதில் வந்த பெண்கள் தலை வாருகிற மாதிரி சர்வசாதாரணமாக நூலை இழுத்தார்கள். ஊரில் ஒரு நூற்பு மையம் உண்டு. அங்கே போய்க் கேட்கலாம். ஆனால் அங்கேதான் சின்னவள் வேலை செய்கிறாள். போனால் பத்தே நிமிடத்தில் அவள் காதுக்குப் போய்விடும். எப்படிச் சுற்றி யோசித்தாலும் பாதை ஒரே கதவில் போய் முட்டியது.

ஞாயிற்றுக்கிழமை காலை அந்தக் கதவைத் தட்டினாள். சைக்கிள் பழுது பார்க்கும் கடைக்கு மேல், இரும்புப் படிக்கட்டு ஏறினால் ஒற்றை அறை. கதவைத் திறந்த சின்னவளின் புருவத்தில் பஞ்சுத் துகள் ஒட்டியிருந்தது.

"வாங்க அண்ணி" என்றாள், நேற்றுப் பார்த்தவளைப் போல. அடுத்த நொடி முகம் மாறியது. "அண்ணனுக்கு ஏதாவது...?"

"அவருக்கு ஒண்ணுமில்ல. அப்படியேதான் இருக்காரு."

"அப்புறம்?"

"எனக்கு நூக்கச் சொல்லித் தர்றியா?"

சின்னவள் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, கைவிரல்களைப் பார்த்தாள். "எதுக்கு?"

"சும்மாதான். வீட்டுல இருந்துகிட்டே ஏதாவது செய்யலாமேன்னு."

"சும்மா கத்துக்கற வேலை இல்லையே இது." கொஞ்ச நேரம் யோசித்தாள். "சரி. இன்னைக்கு லீவு, இப்பவே உட்காருங்க. நாளையிலிருந்து காலைல அஞ்சரைக்கு வந்துடணும். எட்டு மணிக்கு நான் மையத்துக்குக் கிளம்பிடுவேன்."

"என் மேல கோபமில்லையே உனக்கு?"

"வந்தவங்களைத் திருப்பி அனுப்பற பழக்கம் எனக்கில்ல அண்ணி."

மரியாதையாகத்தான் சொன்னாள். டைப்பிஸ்டம்மாவுக்குக் கன்னத்தில் விழுந்த மாதிரி இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள்.

முதல் நாள் பஞ்சையே கையில் கொடுக்கவில்லை. வெறும் ராட்டையைச் சுற்றச் சொன்னாள் சின்னவள். வலது கையால் கைப்பிடியைப் பிடித்துச் சக்கரத்தைச் சுற்ற வேண்டும். சக்கரம் ஒரு சுற்று சுற்றினால், மறுமுனையில் கதிர் என்கிற அந்த மெல்லிய இரும்புக் கம்பி நூறு சுற்று சுற்றும். சத்தம் ஒரே சீராக வர வேண்டும். டைப்பிஸ்டம்மா சுற்றியபோது அது விக்கல் எடுத்தது.

"கையில யாரையாவது துரத்தறீங்களா அண்ணி?"

"மெதுவாத்தானே சுத்தறேன்."

"மெதுவா வேண்டாம். ஒரே மாதிரி சுத்துங்க. கண்ணை மூடிக்கிட்டுக் கேளுங்க, உங்களுக்கே தெரியும்."

இரண்டாம் நாள் பஞ்சுத் திரி வந்தது. சீப்பிட்டுச் சுத்தம் செய்த பஞ்சை விரல் நீளத்துக்கு உருட்டி வைத்திருந்தாள். இடது கையின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் திரியைப் பிடித்து, கதிரின் முனையில் தொங்கும் நூலோடு ஒட்டவைத்து, சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே கையைப் பின்னால் இழுக்க வேண்டும். முறுக்கு ஓடிவந்து பஞ்சைப் பிடித்துக்கொள்ளும். இழுக்க இழுக்க நூல். கை முழுக்க நீண்டதும், சக்கரத்தை அரைச் சுற்று பின்னால் விட்டு, நூலைக் கதிரில் சுற்றிக்கொள்ள வேண்டும். மறுபடி முதலிலிருந்து.

சொல்லக் கேட்டால் இவ்வளவுதான். வேகமாக இழுத்தால் பஞ்சு இரண்டாகப் பிரிந்து கையோடு வந்தது. மெதுவாக இழுத்தால் முறுக்கு ஏறி, நூல் கம்பி மாதிரி சுருண்டு தன்னைத்தானே கட்டிக்கொண்டது. பயந்து இறுக்கிப் பிடித்தால் எதுவுமே வரவில்லை. தப்பித்தவறி வந்த துண்டும் ஒரு இடத்தில் புழு, ஒரு இடத்தில் ஒட்டடை.

"இது என்ன அண்ணி, மாடு கட்டவா?" என்றாள் சின்னவள் அதைத் தூக்கிப் பிடித்து.

டைப்பிஸ்டம்மா பல்லைக் கடித்துக்கொண்டாள். அலுவலகத்தில் அவள் வேகத்துக்கு ஈடு கிடையாது. வக்கீல் சொல்லி முடிப்பதற்குள் அவள் அடித்து முடித்திருப்பாள். அந்த விரல்கள்தான் இப்போது அவளுக்கு எதிரி. பதினோரு வருடம் தட்டித் தட்டிப் பழகியவை, எதைத் தொட்டாலும் அழுத்தின.

"இது அடிக்கற வேலை இல்ல, விடற வேலை" என்றாள் சின்னவள். "தூங்கற குழந்தை கையிலிருந்து கிலுகிலுப்பையை எடுப்போமில்ல, அந்த மாதிரி எடுங்க. குழந்தை முழிச்சுக்கிச்சுன்னா நூல் போச்சு."

மூன்றாம் நாள் குழந்தை முப்பது தடவை விழித்துக்கொண்டது. நான்காம் நாள் இருபது தடவை. அன்று, அறுந்த முனையை எட்டாவது முறையாக ஒட்டும்போது டைப்பிஸ்டம்மா தன்னை மறந்து, "ஐயோ, எனக்கு நேரமில்லையே" என்று முனகிவிட்டாள்.

சின்னவள் பஞ்சு உருட்டுவதை நிறுத்தினாள். "சும்மா கத்துக்கறவங்களுக்கு நேரம் ஏன் இல்லாம போகுது?"

"அதில்ல... அவருக்கு மாத்திரை கொடுக்கற நேரம் ஆச்சு, அதைச் சொன்னேன்."

சின்னவள் அவளையே பார்த்துவிட்டு மறுபடி உருட்டத் தொடங்கினாள்.

வீட்டுக்குப் போனால் டிரைவர் படுக்கையிலிருந்தே சிரித்தான். "என்ன, நாலே நாள்ல நரைச்சுப் போச்சு உனக்கு?"

தலையில் கை வைத்துப் பார்த்தாள். பஞ்சு. இதற்கு மேல் மறைக்க முடியாது என்று தெரிந்து, "உங்க தங்கச்சிகிட்ட நூக்கக் கத்துக்கறேன்" என்றாள். எதற்கு என்று சொல்லவில்லை.

டிரைவரின் சிரிப்பு நின்றது. "நல்லா இருக்காளா?"

"இருக்கா."

"என்னைப் பத்திக் கேட்டாளா?"

"கதவைத் திறந்ததும் முதல்ல அதைத்தான் கேட்டா."

அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். அவன் தோள் அசைவதைப் பார்க்காதவள் போல டைப்பிஸ்டம்மா அடுப்படிக்குப் போனாள். அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஜெயிலர் அம்மாவின் இழுப்பறைதான் கண்ணுக்குள் நின்றது.

ஐந்தாம் நாள், வியாழக்கிழமை, நூல் வந்தது.

எப்படி வந்தது என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. சக்கரத்தின் சத்தம் ஒரே இழுப்பாக ஓடியது. இடது கை தானாகப் பின்னால் போனது. விரல்களுக்கு நடுவில் பஞ்சு கரைந்து கரைந்து நழுவ, கண்ணெதிரே ஒரு முழ நூல் வெளிச்சத்தில் நடுங்கிக்கொண்டு நின்றது. அவள் மூச்சு விடவில்லை. அரைச் சுற்று பின்னால் விட்டு, கதிரில் சுற்றிவிட்டு, மறுபடி இழுத்தாள். மறுபடியும் வந்தது.

"அட!" என்றாள் சின்னவள். இந்த ஐந்து நாளில் அவள் முகம் மலர்ந்தது அதுதான் முதல் தடவை. காபி டம்ளரை எடுத்துக்கொண்டு எதிரில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். மனசு இளகிய நேரம் பேச்சும் இளகியது. "நிறுத்தாதீங்க, இழுத்துக்கிட்டே கேளுங்க. ஜெயில்ல நூக்கச் சொல்லித்தர ஆள் கேட்டாங்க அண்ணி. நானும் போனேன், போன மாசம். கேட்டுலயே சர்ட்டிபிகேட் எங்கன்னாங்க. நான்தான் எட்டாவதோட நின்னுட்டேனே. உள்ளகூட விடல."

டைப்பிஸ்டம்மா இழுத்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப யாரோ கிடைச்சுட்டாங்களாம். மையத்துல எல்லாருக்கும் அதே பேச்சு. அவங்க கொண்டுபோய்க் காட்டுன நூலைப் பார்த்து ஜெயிலர் அம்மா அசந்துட்டாங்களாம், முடி மாதிரி இருந்துச்சாம். எனக்குத் தெரியாம இந்த ஊர்ல அப்படி நூக்கற கை யாருதுன்னு ரெண்டு நாளா மண்டையைக் குடையுது."

நூல் அறுந்தது.

அறுந்த முனை கதிரில் தட்டித் தட்டிச் சுற்றியது. டைப்பிஸ்டம்மாவுக்குச் சக்கரத்தை நிறுத்தத் தோன்றவில்லை. சின்னவள் முதலில் அறுந்த நூலைப் பார்த்தாள். அப்புறம் அண்ணியின் முகத்தைப் பார்த்தாள். டம்ளரைத் தரையில் வைத்தாள்.

"அண்ணி. உங்க வீட்டு அலமாரி மேல நான் ஒரு சிட்டம் விட்டுட்டு வந்தேன்."

"சின்னவளே, நான் சொல்றதைக் கேளு..."

"அது இப்ப எங்க இருக்கு?"

டைப்பிஸ்டம்மா எல்லாவற்றையும் சொன்னாள். வக்கீல் அலுவலகம் மூடியது, டிரைவரின் வைத்தியம், தன்னையறியாமல் வாயில் வந்த பொய், மேசைமேல் வைத்த சிட்டம், வரப்போகிற திங்கட்கிழமை. சொல்லச் சொல்ல அவளுக்கே கேட்கச் சகிக்கவில்லை. கடைசியில் சின்னவள் எழுந்து போய் ஜன்னலருகில் நின்றுகொண்டாள்.

"மணி எட்டாயிடுச்சு. நான் கிளம்பணும்" என்றாள்.

சுவர்க் கடிகாரத்தில் ஏழுகூட ஆகவில்லை. டைப்பிஸ்டம்மா செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள். கீழே சைக்கிள் கடைக்காரர் ஒரு டியூபைத் தண்ணீரில் அமுக்கி, குமிழி எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். தன் முகத்தில் எங்கே ஓட்டை என்று அவர் கண்டுபிடித்துவிடுவாரோ என்பது போலத் தலையைக் குனிந்துகொண்டு வேகமாக நடந்தாள்.

அன்று முழுக்க, போகவா வேண்டாமா என்று மனசு இரண்டு பக்கமும் இழுத்தது. ஜெயிலுக்கே போகாமல் இருந்துவிட்டால்? வீட்டில் படுத்திருப்பவனிடம் என்ன சொல்வது? வெள்ளிக்கிழமை ஐந்தரைக்குக் கால்கள் அவளை இரும்புப் படிக்கட்டில் ஏற்றிவிட்டன. கதவு மூடியிருந்தது. தட்டக் கை எழவில்லை. ஐந்து நிமிடம் நின்றாள். பத்து நிமிடம் நின்றாள். திரும்பி ஒரு படி இறங்கியபோது உள்ளேயிருந்து குரல் வந்தது.

"கதவு திறந்துதான் கிடக்கு. தள்ளணும்."

ராட்டை அதன் இடத்தில் இருந்தது. பக்கத்தில் புதிதாக உருட்டிய திரிகள். சின்னவளின் கண்கள் சிவந்து வீங்கியிருந்தன.

"மூணு நாள் இருக்கு. நான் சொல்லித் தர்றேன்" என்றாள். "ஆனா ஒண்ணு. அந்த நூல் யாருதுன்னு நீங்க அங்க சொல்லணும்."

"சொன்னா வேலை போயிடும்டி."

"போகணும்னு நான் சொல்லல. சொல்லணும்னு சொல்றேன்."

"அப்புறம் எதுக்கு எனக்குச் சொல்லித் தர்றே? கதவைச் சாத்திக்க வேண்டியதுதானே!"

"அஞ்சு நாள் சொல்லிக் கொடுத்தாச்சு. அரைகுறையா அனுப்பினா எனக்குத்தான் கேவலம். யாருகிட்ட கத்துக்கிட்டீங்கன்னு கேட்டா என் பேரைத்தானே சொல்வீங்க?" சொல்லிவிட்டுத் தானே லேசாகச் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "சொல்வீங்களா?"

"பார்க்கலாம்" என்றாள் டைப்பிஸ்டம்மா.

"உங்க வீட்டுல பார்க்கலாம்னா என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியும் அண்ணி. சரி, உட்காருங்க. இடது தோளை இறக்குங்க."

அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவள் எடுக்கவில்லை. அதுதான் டைப்பிஸ்டம்மாவைக் கொன்றது. வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் வேலையைத் தவிர வேறு வார்த்தை இல்லை. முறுக்கு போதாது. இப்போது கூடுதல். முனையைப் பிரித்து ஒட்டுங்கள். ராட்டையின் கயிறு தொய்ந்தால் நூல் துவளும், முதலில் அதைச் சரிபாருங்கள். ஞாயிறு சாயங்காலம் ஒரு கதிர் நிறைந்தது. சின்னவள் நூலைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்து, "நூல்னு சொல்லலாம்" என்றாள். வாசல்வரை வரவில்லை.

திங்கட்கிழமை பத்து மணி. தொழிற்கூடம் என்பது ஒரு நீள அறை. சுண்ணாம்பு வாடை. ஜன்னல் கம்பிகளின் நிழல் தரையில் கட்டம் கட்டியிருந்தது. சுவரோரமாகப் பன்னிரண்டு கைதிகள் இரண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு பாய், பாயின்மேல் ஒரு புது ராட்டை. மேசைக்குப் பின்னால் பெரிய அதிகாரி, மெலிந்த, தலை வழுக்கையான மனிதர். அவருக்கு முன்னால், காகிதத்தைப் பிரித்து வைத்த சின்னவளின் சிட்டம்.

"ஆரம்பிங்கம்மா" என்றார்.

டைப்பிஸ்டம்மா பாயில் உட்கார்ந்தாள். சக்கரத்தையும் கதிரையும் சேர்க்கும் கயிறு தொளதொளவென்று இருந்தது. அதை இழுத்துக் கட்டினாள். கைப்பிடியைச் சுற்றினாள். விக்கல். கண்ணை மூடிக்கொண்டு இன்னும் நாலு சுற்று சுற்றினாள். விக்கல் அடங்கியது. திரியை ஒட்டினாள், இழுத்தாள். ஒரு சாண் வந்து அறுந்தது.

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "ஷ்" என்றார் காவலர்.

அவள் முனையைப் பிரித்து ஒட்டினாள். தோளை இறக்கினாள். இந்தத் தடவை நூல் வந்தது. முழு நீளம் வந்தது, கதிரில் ஏறியது, மறுபடி வந்தது. சிரித்தவர்களின் சத்தமே இல்லை. முன்வரிசையில் ஒரு பெண் வாயைத் திறந்தபடி அவளுடைய இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் இன்னொரு தடவை அறுந்தது, ஒட்டினாள். கால்மணி நேரம் போயிருக்கும்.

"போதும்" என்றார் பெரிய அதிகாரி. கதிரிலிருந்த நூலில் கொஞ்சம் வாங்கி, சிட்டத்தின் பக்கத்தில் வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒன்று முடி. இன்னொன்று சாக்குத் தைக்கிற சணல் இல்லையென்றாலும் அதற்குத் தூரத்துச் சொந்தம்.

"ரெண்டும் ஒரே கை நூத்ததா?"

டைப்பிஸ்டம்மா வாயைத் திறப்பதற்குள் ஜெயிலர் அம்மா முந்திக்கொண்டார். அவருக்கு அன்றைக்குள் இடத்தை நிரப்பியாக வேண்டும். "புது ராட்டை சார், நேத்துதான் பிரிச்சோம். பழகாத ராட்டையில யாருக்கும் சட்டுனு வராது. அப்படித்தானேம்மா?"

ஒரு தலையாட்டல் போதும். வாயைத் திறக்கக்கூட வேண்டாம். ஜெயிலர் அம்மா பாலத்தையே போட்டுக் கொடுத்துவிட்டார், இவள் நடந்து போனால் சரி. படுக்கையில் கிடக்கும் டிரைவர் நினைவுக்கு வந்தான். அவள் தலை ஆடத் தொடங்கியது, நிஜமாகவே ஆடத் தொடங்கியது. முன்வரிசைப் பெண் இன்னும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாளைக்கு இவள் கேட்பாளே, அந்த முடி மாதிரி நூலை எப்படி நூற்பது என்று. என்ன சொல்வது?

"இல்ல சார்" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டாள். "ராட்டை மேல தப்பில்ல. அந்தச் சிட்டம் நான் நூத்தது இல்ல. என் நாத்தனார் நூத்தது. நான் நூக்கக் கத்துக்கிட்டே எட்டு நாள்தான் ஆச்சு. அவதான் சொல்லிக் கொடுத்தா."

ஜெயிலர் அம்மாவின் முகம் வெளுத்து, பிறகு சிவந்தது. "என்னம்மா இது! என் முகத்துல கரியைப் பூசிட்டீங்களே! பொய் சொல்லி அரசாங்க வேலைக்கு வந்தா என்ன ஆகும் தெரியுமா உங்களுக்கு? கைதியா உள்ள வரணுமா?"

"தப்புதான் மேடம்."

பெரிய அதிகாரி கையை உயர்த்தினார். "எட்டு நாள்லயா இவ்வளவு வந்துச்சு?"

"ஆமா சார்."

"அந்த நாத்தனார் ஏன் வரல?"

"வந்தா சார். போன மாசமே வந்தா. எட்டாவதுதான் படிச்சிருக்கான்னு கேட்டுலயே திருப்பி அனுப்பிட்டாங்க."

அவர் ஜெயிலர் அம்மாவைப் பார்த்தார். ஜெயிலர் அம்மா ஜன்னலைப் பார்த்தார். சின்னவளின் முகவரியை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு, "நீங்க போகலாம்" என்றார் அதிகாரி. அவ்வளவுதான்.

நேராக நூற்பு மையத்துக்குப் போனாள். சாப்பாட்டு இடைவேளை. சின்னவள் கொல்லைப்புறக் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்ததும் முந்தானையால் துடைத்துக்கொண்டே கேட்டாள்:

"அறுந்துச்சா?"

"ரெண்டு தடவை."

"ரெண்டே ரெண்டா?" நம்பாமல் பார்த்தாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "வேலை?" என்றாள்.

"இல்ல. சொல்லிட்டேன்."

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. சின்னவள் அதை இறுக்கி மூடினாள். மூடிய பிறகும் கையை எடுக்கவில்லை.

"சின்னவளே, அன்னைக்குச் சாப்பிடும்போது நான் சொன்ன வார்த்தை..."

"இப்ப அது வேண்டாம் அண்ணி" என்றாள் சின்னவள். கோபமில்லை, கெஞ்சுகிற மாதிரி இருந்தது. "இப்ப என்னால முடியாது. பெல் அடிச்சுடுவாங்க. நீங்க சாப்பிட்டீங்களா?"

சாப்பிடவில்லை. இருவரும் ஒரே சாப்பாட்டு டப்பாவிலிருந்து நின்றுகொண்டே சாப்பிட்டார்கள்.

டிரைவரிடம் அன்று மாலை எல்லாவற்றையும் சொன்னாள். "அன்னைக்கு நானும் வாயை மூடிக்கிட்டுத்தானே இருந்தேன்" என்றான் அவன். மறுநாளிலிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து பழக ஆரம்பித்தான். சும்மா படுத்துக்கொண்டு எல்லாப் பாரத்தையும் அவள் தலையில் வைத்துவிட்டதாக அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

பத்து நாள் கழித்துச் சின்னவளுக்குச் சிறையிலிருந்து கடிதம் வந்தது. சான்றிதழ் இல்லாததால் நிரந்தர வேலை தர இயலாது, ஆறு மாதத்துக்குத் தற்காலிகமாக வரலாம் என்று. "கேட்டுல நிக்க வச்சுத் திருப்பி அனுப்பினவங்க கூப்பிட்டா நான் ஓடணுமா?" என்று மூன்று நாள் முறுக்கிக்கொண்டிருந்தாள். நான்காம் நாள் மையத்தின் மேலாளரிடம், தன் இடத்தில் உட்கார ஒரு ஆள் இருக்கிறது, கை இன்னும் பழகவில்லை, ஆனால் விடமாட்டாள் என்று சொல்லிவிட்டு வந்தாள். மேலாளர் டைப்பிஸ்டம்மாவின் நூலைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். ஒரு மாதம் பார்க்கிறேன் என்றார்.

சின்னவள் வேலைக்குச் சேரும் நாள் காலை, டைப்பிஸ்டம்மா எதிர்பார்க்கவே இல்லை, வீட்டுக் கதவு தட்டப்பட்டது. கையில் டப்பாவும் கடிதமுமாகச் சின்னவள் நின்றாள். உள்ளே வரவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற அண்ணனை வாசலிலிருந்தே பார்த்தாள். "நடக்கறியாண்ணே?" என்றாள். "நடக்கறேம்மா" என்றான் அவன்.

"அண்ணி, கேட் வரைக்கும் கூட வர்றீங்களா?" என்றாள் சின்னவள். "தனியா போக ஒரு மாதிரி இருக்கு."

நடந்து போகும்போது அவள் விரல்கள் கடிதத்தின் ஓரத்தை முறுக்கிக்கொண்டே வந்தன. ராட்டைக்கு முன்னால் அவ்வளவு அதிகாரம் செய்தவளுக்கு, அந்தப் பெரிய கதவைக் கண்டதும் நடை தளர்ந்தது. காவலர் வழக்கம்போல, "சர்ட்டிபிகேட்?" என்றார். சின்னவள் திரும்பி அண்ணியைப் பார்த்தாள்.

"லெட்டரைக் கொடு" என்றாள் டைப்பிஸ்டம்மா.

கொடுத்தாள். காவலர் மேலும் கீழும் படித்தார். திருப்பிப் பார்த்தார். உள்ளே எடுத்துக்கொண்டு போனார். இரண்டு பேரும் வெயிலில் நின்றார்கள். ஐந்து நிமிடம், பத்து நிமிடம். சின்னவளின் உதடு உலர்ந்துபோயிருந்தது. "திருப்பி அனுப்பிடுவாங்க அண்ணி" என்றாள். "அனுப்பட்டும் பார்ப்போம்" என்றாள் டைப்பிஸ்டம்மா.

சின்னக் கதவு திறந்தது. "உள்ள வாங்க டீச்சர்" என்றார் காவலர்.

சின்னவள் குனிந்து உள்ளே போனாள். கதவு மூடிக்கொண்டது. தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. டைப்பிஸ்டம்மா இன்னும் ஒரு நிமிடம் அங்கேயே நின்றாள், யாராவது திரும்பி வருகிறார்களா என்று. யாரும் வரவில்லை. அப்போதுதான் மணியைப் பார்த்தாள். மையத்தில் ஒன்பதுக்கெல்லாம் இடத்தில் இருக்க வேண்டும், மேலாளருக்குத் தாமதமாக வருகிறவர்களைக் கண்டால் ஆகாது. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.